அடிப்பவரே மொழிபெயர்ப்பாளரா? காது கேளாத பெண்ணின் புகார் சிக்கும் இடம்

பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில் வீட்டுச் சண்டை வெளியே வந்தால், பெரும்பாலும் முதலில் ஊர்ப் பஞ்சாயத்துக்குத்தான் போகும். அங்கே உட்கார்ந்திருப்பது ஆண்கள். ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்பதைப் பிரித்துக் கொடுக்கும் 'பாடு' முறையிலும் பங்கு 'தலைக்கட்டு' ஆன ஆணுக்கே. அதனால் புருஷன் வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணுக்கு ஏரி வருமானமும் போச்சு.

இதில் அந்தப் பெண் காது கேளாத, வாய் பேச முடியாதவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் கை அசைத்துச் சொல்வதை 'இதுதான் சொல்றா' என்று எடுத்துச் சொல்லப்போவது யார்? கணவர், இல்லாவிட்டால் மாமியார். அடித்தவரே மொழிபெயர்ப்பாளர்!

போலீஸுக்குப் போனால் மட்டும் சரியாகிவிடுமா? பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு நல்ல ஏற்பாடு ஒன்றைச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளி என்றால், போலீஸ் அவர் வீட்டுக்கோ அவர் விரும்பும் இடத்துக்கோ போக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பு ஆசிரியர் முன்னிலையில் புகாரைப் பதிந்து வீடியோவும் எடுக்க வேண்டும். ஆனால் இது பாலியல் குற்றங்கள் போன்ற சில பிரிவுகளுக்கு மட்டுமே. கணவரின் கொடுமைக்கான பிரிவு 85 (பழைய 498ஏ) அந்தப் பட்டியலில் இல்லை. ஓட்டை இங்கேதான்.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. விசாரணை அதிகாரமுள்ள எந்த அமைப்பையும் பாகுபாடின்றி அணுக அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது அதன் 12-வது பிரிவு. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க இதுவே போதுமான பிடி. 7-வது பிரிவின்படி, வன்முறை நடப்பதாகத் தெரிந்த யாரும் நிர்வாக நடுவரிடம் தகவல் சொல்லலாம்.

குடும்ப வன்முறைச் சட்டம், 2005 இன்னும் கைக்கு எட்டுவது. அடி உதை மட்டுமல்ல, பணத்தைப் பிடுங்குவதும் மன ரீதியான கொடுமையும் இதில் வரும். உதவித்தொகையை வாங்கி வைத்துக்கொள்வது, காது மெஷினை ஒளித்து வைப்பது போன்றவற்றையும் தயங்காமல் மனுவில் எழுதலாம். பாதுகாப்பு அலுவலர் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருப்பார். பழவேற்காட்டிலிருந்து திருவள்ளூர் பக்கத்தில் இல்லைதான். ஆனால் விதி 9-ன்படி அவசர நிலையில் இமெயிலில் நம்பகமான தகவல் வந்தாலே அவர் போலீஸுடன் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா அனுப்பினாலும் செல்லும். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்கு பாயாது. கணவர் வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமையும் இந்தச் சட்டத்தில் உண்டு.

181 ஹெல்ப்லைன் இருக்கிறதே என்று கேட்கலாம். காது கேளாதவர் அதில் எப்படிப் பேசுவார்? அவசரத்துக்கு 'காவல் உதவி' ஆப்பின் சிவப்பு பட்டன் தேவலாம்.

கோர்ட்டில் நிலைமை கொஞ்சம் தெளிவு. பேச முடியாத சாட்சி எழுதியோ சைகையிலோ சொல்லலாம். மொழிபெயர்ப்பாளர் உதவியோடு சொன்னால் அது வீடியோவாகப் பதிவாகும். மாற்றுத்திறனாளிப் பெண்ணின் சாட்சியம் அதனாலேயே தரம் குறைந்தது ஆகாது என்று ஆந்திரப் பெண் ஒருவரின் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இன்னொரு சிக்கல் பாக்கி. பள்ளிக்கே போகாத பெண்ணுக்குத் தெரிந்தது வீட்டுச் சைகைதான். இந்திய சைகை மொழி படித்து வரும் மொழிபெயர்ப்பாளருக்கு அது பிடிபடாமல் போகலாம். அந்தச் சைகை புரிந்த அம்மா, தங்கை, சிறுவயதுத் தோழி என்று கணவர் வீட்டைச் சேராத ஒருவரின் பெயரை மனுவிலேயே எழுதி, மொழிபெயர்ப்பாளருடன் அவரும் உட்கார வேண்டும் என்று கேட்கலாம்.