பதில் தராத கருவிக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது?

தொழிற்சாலைகளிலும் நீரேற்று நிலையங்களிலும் இயங்கும் மின்அளவிகள், வெப்பநிலை உணரிகள், மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் முதலியவற்றோடு கட்டுப்பாட்டு அறைக் கணினி செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் மென்பொருள் டிரைவர் எனப்படும். அதை நிறுவுவோர் பெரும்பாலும் இரண்டு எண்களை மாற்றாமலே விட்டுவிடுகின்றனர். பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைக் கூறும் டைம்அவுட் ஒன்று. பதில் வராதபோது எத்தனை முறை மீண்டும் கேட்பது என்பதைக் கூறும் ரீட்ரை மற்றொன்று. மென்பொருளோடு வரும் எண்களே பாதுகாப்பானவை என்ற நம்பிக்கை இதற்குக் காரணமாகலாம். ஆனால் அந்த எண்களை வைத்தவருக்குக் கம்பியின் வேகமும் தெரியாது, அதில் இணைந்துள்ள கருவிகளின் இயல்பும் தெரியாது.

மோடிகான் நிறுவனம் 1979இல் வெளியிட்டு இன்றும் பரவலாகப் பயன்படும் மாட்பஸ் நெறிமுறையைக் கொண்டு இதை விளக்கலாம். ஆர்எஸ்-485 எனும் இரட்டைக் கம்பித் தடத்தில் பல கருவிகள் இணைந்திருப்பினும், ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே பேச முடியும் என்பதோடு, தலைமைக் கணினி கேட்டாலன்றி எந்தக் கருவியும் வாய் திறப்பதில்லை. வினாடிக்கு 9600 பிட் வேகத்தில், தொடக்க, சரிபார்ப்பு, முடிவு பிட்டுகள் உட்பட ஒரு பைட்டுக்கு 11 பிட் தேவைப்படுவதால், ஒவ்வொரு பைட்டும் கம்பியைக் கடக்க ஏறத்தாழ 1.15 மில்லிவினாடி ஆகிறது. கருவியின் நினைவகத்தில் அளவுகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்டர்களில் பத்தைப் படிப்பதற்கு 8 பைட் வினாவும் 25 பைட் விடையும் சேர்ந்து சுமார் 38 மில்லிவினாடி போதும். ஆனால் ஒரே வினாவில் கேட்கக்கூடிய உச்ச அளவான 125 ரெஜிஸ்டர்களைக் கேட்டால் விடை மட்டுமே 292 மில்லிவினாடியை எடுத்துக்கொள்ளும். முழு விடையும் வந்துசேரும் வரை நேரத்தைக் கணக்கிடும் டிரைவரில் டைம்அவுட்டை 200 மில்லிவினாடி என வைத்தால், பழுதில்லாத கருவியும் பழுதானதாகவே காட்டப்படும்.

வரம்பை நீட்டிவிட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. ஒவ்வொன்றும் 60 மில்லிவினாடியில் பதில் தரும் 20 கருவிகளை ஒரு சுற்றில் 1.2 வினாடிக்குள் கேட்டு முடிக்கலாம். அவற்றுள் ஒன்று மின்சாரமின்றி நின்றுவிட, டைம்அவுட் ஒரு வினாடியாகவும் மொத்த முயற்சி மூன்றாகவும் இருப்பின், அதே சுற்று 4 வினாடியைத் தாண்டும். மூன்று கருவிகள் நின்றால் 10 வினாடியாகும். நல்ல நிலையில் உள்ள 17 கருவிகளின் அளவுகளும் அதனால் பழையனவாகிவிடுகின்றன என்பதே இதில் மிகவும் கவலைக்குரியது. ஆகவே, தொடர்ந்து பதில் தராத கருவியைச் சிறிது காலம் சுற்றிலிருந்து விலக்கி, இடையிடையே மட்டும் சோதித்துப் பார்க்கும் வசதி டிரைவரில் இருப்பின் அதை இயக்கி வைப்பதே தக்கது.

வரம்பு குறைந்துபோவதால் விளையும் மற்றொரு தீங்கு கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. கணினி காத்திருப்பை முடித்து அடுத்த வினாவை அனுப்பிய பிறகு முந்தைய விடை வந்துசேர்ந்தால், இரண்டும் கம்பியில் மோதிச் சிதையலாம். மோதாமல் வந்தாலோ, ஆர்எஸ்-485 தடத்தில் செல்லும் மாட்பஸ் செய்தியில் எந்த வினாவுக்கான விடை இது என்று குறிக்கும் எண் இல்லாததால், அதே கருவியிடம் அதே எண்ணிக்கையில் வேறு ரெஜிஸ்டர்களைக் கேட்டிருக்கும் நிலையில், மின்னழுத்தத்தின் மதிப்பு மின்னோட்டமாகப் பதிவாகும் வாய்ப்பும் உண்டு. ஈதர்நெட் வழியே செல்லும் மாட்பஸ் டிசிபியில் ஒவ்வொரு வினாவுக்கும் தனி எண் தரப்படுவதால், டிரைவர் அதைச் சரிபார்த்தால் இக்குழப்பம் நேராது. எனினும் இடையில் ஒரு மாற்றிக் கருவி இருந்து, பல கணினிகள் அதன் வழியே ஒரே கம்பியை அணுகும்போது, வரிசையில் நிற்கும் நேரத்தையும் டைம்அவுட்டில் சேர்க்க வேண்டும்.

மறுமுயற்சியைப் பொறுத்தவரை, படிப்பதையும் எழுதுவதையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது. அளவைப் படிக்கும் வினாவை எத்தனை முறை அனுப்பினாலும் கேடில்லை. வேகத்தை 1200 சுற்றாக வை என்ற கட்டளையும் இருமுறை சென்றால் விளைவு ஒன்றே. ஆனால் ஒரு படி உயர்த்து என்ற கட்டளையைக் கருவி நிறைவேற்றிவிட, அதன் பதில் மட்டும் வழியில் தொலைந்தால், மறுமுயற்சி அதை இரண்டாம் முறையும் உயர்த்திவிடும். அத்தகைய கட்டளைகளுக்கு மறுமுயற்சியைச் சுழியமாக வைத்து, கருவியின் தற்போதைய நிலையைப் படித்துப் பார்த்த பின்னரே மீண்டும் அனுப்புதல் வேண்டும்.