நம் கூடத்தில் இருந்த துகள் முடுக்கி

துகள் முடுக்கி என்றவுடன், ஜெனீவா நகரின் அருகே நிலத்தடியில் 27 கிலோமீட்டர்ச் சுற்றளவில் அமைந்துள்ள பெருங்கருவியே நினைவுக்கு வரும். அத்தகையதை வீட்டிலேயே அமைக்க இயலுமா என்று நம் பிள்ளைகள் வினவினால், நகைத்து ஒதுக்குதல் ஆகாது. எளிய முடுக்கியொன்று நெடுங்காலம் நம் இல்லங்களில் இருந்தது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாயே அது.

அக்குழாயின் கழுத்தில் சூடேறிய உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டன. 10,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் அவற்றை வினாடிக்கு 50,000 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் திரையை நோக்கிச் செலுத்தியது. காற்று தடுக்காதிருக்கவே குழாய் வெற்றிடமாக்கப்பட்டது. காந்தச் சுருள்கள் அக்கற்றையை வளைத்துப் படம் வரைந்தன. துகள், மின்னழுத்தம், வெற்றிடம், காந்தம் என முடுக்கிக்கு வேண்டிய நான்கும் அதனுள் அடங்கியிருந்தன.

இக்குழாய்கள் வேற்று நாட்டிலிருந்து மட்டும் வந்தவை அல்ல. 1954-இல் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1970-களில் கறுப்பு வெள்ளைப் படக்குழாய்களை உற்பத்தி செய்தது. அதன் முதல் தொழிற்சாலை நம் ஜாலஹள்ளியில் உள்ளது. பிழைப்பு நாடிப் பெங்களூர் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இத்தகைய தொழிற்சாலைகளின் ஊதியத்தாலேயே இங்கு வேரூன்றின. தாத்தா செய்த வேலையில் எத்துணை அறிவியல் அடங்கியிருந்தது என்பதைப் பேரப்பிள்ளைகள் அறிய வேண்டாமா?

பெருங்கருவிகளும் சிறிதாகவே தொடங்கின. 1931-இல் அமெரிக்காவின் பெர்க்கிலி நகரில் லாரென்ஸும் லிவிங்ஸ்டனும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் விட்டமுள்ள சைக்ளோட்ரான் ஒன்றை இயக்கினர். ஊஞ்சலைத் தக்க வேளைதோறும் தள்ளுவதுபோல, 2,000 வோல்ட்டுக்குக் குறைவான மின்னழுத்தத்தால் துகள்களைத் திரும்பத் திரும்ப உந்தி, 80,000 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலை எய்துவித்தனர். லாரென்ஸிடம் பயின்ற நாக் சவுத்ரியைத் துணைகொண்டு, மேகநாத சாஹா கல்கத்தாவில் சைக்ளோட்ரான் அமைக்க முனைந்தார்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பழைய பெட்டியைப் பிள்ளைகள் திறக்க விடாதீர்கள். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் குழாயில் மின்னூட்டம் தங்கியிருக்கும். குழாய் உடைந்தால் கண்ணாடி சிதறும். புதிதாக அமைக்க முயல்வோர்க்கு ஊடுகதிரின் தீங்கும் உண்டு.

பாதுகாப்பான வழி ஒன்றுண்டு. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் குழாயுடன் கூடிய பழைய அலைகாட்டி இருப்பின், ஆசிரியர் முன்னிலையில் அதன் அருகே காந்தத்தைக் கொண்டுசென்று பார்க்கச் சொல்லுங்கள். ஒளிப்புள்ளி இடம் பெயரும். ஜெனீவாவில் துகள்களை வட்டப்பாதையில் வளைத்துச் செலுத்துவதும் இவ்விதியே.

பிள்ளையின் கையைத் தடுக்கலாம். கேள்வியைத் தடுத்தல் தகாது.