தேய்ப்பதற்கும் ஒரு திசை உண்டு!

பாத்திரம் தேய்ப்பதில் எனக்கு நிகர் நான்தான் என்று ஒரு கர்வம் உண்டு எனக்கு. கரி பிடித்த வெண்கலப் பானையையும் கண்ணாடியாக்கி விடுவேன். அந்தக் கர்வம் போன மார்கழியில் ஒரு வட்டத் தகட்டிடம் அடங்கியது.

வெளியூரிலிருந்து பிள்ளை போன் செய்தான். "அம்மா, பொங்கலுக்கு வர்றோம். அப்பா வாங்கிக் கொடுத்த வீடியோ கேம் பரண்ல இருக்கா பாரு. பாப்பாவுக்குக் காட்டணும்."

பிளேஸ்டேஷன் 2 என்று பெயர். 2004-ல் எங்கள் வீட்டுக்கு வந்தது. ராத்திரி சாப்பாடு ஆனதும் அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து விடுவார்கள். "படிக்கிற பையனை நீங்களே கெடுக்கறீங்களே!" என்று கத்துவேன். இவர் சிரிப்பாரே தவிர எழுந்திருக்க மாட்டார். 2012-ல் அவர் போய்விட்டார். பெட்டி பரணுக்குப் போயிற்று.

இறக்கிப் பார்த்தால் இரண்டு டிஸ்க்குகள். ஒன்று கிரிக்கெட், ஒன்று கார் ரேஸ். இரண்டிலும் பிசுக்கு, கைரேகை, கீறல். கேட்க வேண்டுமா? கிரிக்கெட்டை எடுத்து, பாத்திரப் பவுடர் போட்டு, நாரால் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். பனி படர்ந்த கண்ணாடி மாதிரி மங்கிப் போயிற்று. இயந்திரம் அதை ஏற்கவே இல்லை.

பிள்ளையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "போனாப் போகுதும்மா. கார் ரேஸை மட்டும் தொடாதே. அதுல அப்பா பேர் இருக்கு."

அவர் ஓட்டிய வேகம்தான் அதில் முதலிடமாம். அந்தக் கணக்கு இருப்பது மெமரி கார்டு என்ற சின்னத் துண்டில். ஆனால் டிஸ்க் ஓடினால்தான் அதைத் திரையில் பார்க்க முடியும்.

மறுநாளே டிஸ்க்கை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு, சென்னை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறினேன். ரிப்பேர்காரத் தம்பி என் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டது. "ஏம்மா, இது என்ன பாத்திரமா? தேய்க்கிறதுக்கும் ஒரு திசை இருக்கும்மா!"

அந்தத் தம்பி சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

டிஸ்க்கில் பதிவு சுருள் சுருளாக, வட்டமாகச் செல்கிறது. ஒரு புத்தகப் பக்கத்தில் மேலிருந்து கீழே கோடு கிழித்தால் வரிக்கு ஒரு எழுத்துதான் போகும், ஊகித்துப் படித்துவிடலாம். ஒரு வரியையே அழித்துவிட்டால்? அதே கதைதான். ஆகவே நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கவே கூடாது.

முதலில் தூசியை ஊதி விடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, மெத்தென்ற பருத்தித் துணியால் துடையுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, ஒற்றி எடுத்து, நன்றாக உலர்ந்த பிறகே இயந்திரத்தில் போடுங்கள். பிசுக்குப் போகாவிட்டால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். நகப்பூச்சு நீக்கும் திரவம், தின்னர் பக்கம் போகாதீர்கள், பிளாஸ்டிக்கையே அரித்துவிடும்.

கீழ்ப்பக்கத்தில் மேலோட்டமான கீறல் என்றால் வெள்ளைப் பற்பசையை லேசாகத் தடவி, அதே நேர்த் திசையில் மெருகேற்றிக் கழுவுவது உண்டு. அதுவும் கடைசி வைத்தியம்தான். ப்ளூ-ரே டிஸ்க்குக்கு இது வேண்டவே வேண்டாம். அதில் பதிவு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது.

படம் போட்ட மேல்பக்கம் கெட்டி என்று நினைக்காதீர்கள். சி.டி.யில் அந்தப் பூச்சுக்கு அடியிலேயேதான் பதிவு. அங்கே கீறினால் வைத்தியமே இல்லை. விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை மாதிரி வெளிச்சம் வந்தால் அங்கே பதிவு போய்விட்டது என்று அர்த்தம்.

எந்த டிஸ்க்கைப் போட்டாலும் ஓடவில்லையா? குற்றம் டிஸ்க்கில் இல்லை. இயந்திரத்தின் லென்ஸைக் காட்டுங்கள்.

தம்பி என் டிஸ்க்கைக் கழுவி, மெருகு போடும் இயந்திரத்தில் ஒரு சுற்று விட்டுக் கொடுத்தது. "ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிளாஸ்டிக் தேயும்மா. அடிக்கடி செய்யக்கூடாது. இனிமே விளிம்பைப் பிடிச்சு எடுங்க, உடனே உறைல போடுங்க. ஓடும்போது பெட்டியை அசைக்காதீங்க."

பொங்கலன்று சாயங்காலம் பிள்ளை டிஸ்க்கைப் போட்டான். எனக்கு நெஞ்சு படபடத்தது. திரை கறுப்பாகவே இருந்தது... பிறகு பாட்டு வந்தது. பட்டியல் வந்தது. முதல் வரியில் ஆங்கில எழுத்தில் 'அப்பா' என்றிருந்தது. பிள்ளை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.

பேத்தி மூன்று நாள் முயன்றாள். "பாட்டி, தாத்தாவை ஜெயிக்கவே முடியலை!" என்று சிணுங்கினாள்.

தாத்தா இன்னும் முதலிடத்தில்தான் இருக்கிறார். கிரிக்கெட் டிஸ்க்கையும் நான் எறியவில்லை. தேய்க்கும் நாருக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறேன், எனக்குப் புத்தி சொல்ல.