சிறிய மாற்றுப் பள்ளியில் 9-ஆம் வகுப்பு: சேர்க்கும் முன் எதைப் பார்ப்பது?



கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களில் சிலர் இப்போது புதிதாக ஒரு கேள்வியையும் கொண்டு வருகிறார்கள். "பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பரீட்சை நெருக்கடி இல்லை, அடி இல்லை, வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள்தான். ஒன்பதாம் வகுப்புக்கு மகளை அங்கே மாற்றலாமா?"

இப்படிக் கேட்பதில் வியப்பில்லை. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த நம் செங்கல்பட்டு மாவட்டத்தில், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, கேளம்பாக்கம், நாவலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் புதுக் குடியிருப்புகள். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அந்த வேகம் இன்னும் கூடிவிட்டது. வகுப்பறைகள் நிரம்பி வழிகின்றன. பின்தங்கும் பிள்ளையைக் கவனிக்க ஆசிரியருக்கு நேரமில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சிறிய பள்ளி உண்மையிலேயே நல்லதாக அமையலாம். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் எடுக்கும் முடிவு சான்றிதழோடு கட்டுண்டது. பெயரும் சூழலும் பிடித்துப்போய்ச் சேர்த்துவிட்டு, பிறகு அலைந்த குடும்பத்தை நாங்களே பார்த்தோம். எட்டாம் வகுப்பு வரை மட்டுமே அங்கீகாரம் பெற்ற ஒரு பள்ளி, ஒன்பதையும் நடத்திக்கொண்டிருந்தது. ஆண்டின் நடுவில் வேறு பள்ளிக்கு மாறப் போனபோது, செல்லத்தக்க மாற்றுச் சான்றிதழ் பிள்ளையின் கையில் இல்லை.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: அங்கீகாரம் எந்த வகுப்பு வரை, எந்த ஆண்டு வரை? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்தக் கூடாது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆணையின் நகலைக் கேளுங்கள், "இருக்கிறது" என்ற வாய்ச்சொல் போதாது. கூடவே கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று ஆகியவற்றையும் பார்க்கக் கேளுங்கள். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 பிஞ்சுகள் தீயில் கருகியதை மறந்தவர்கள் மட்டுமே இதைச் சடங்கு என்பார்கள்.

பல மாற்றுப் பள்ளிகள் பிள்ளைகளைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் (என்.ஐ.ஓ.எஸ்.) வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைக்கின்றன. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, அது மத்திய அரசின் நிறுவனம். ஐந்து பாடங்கள் போதும், ஆண்டுக்கு இரு முறை பொதுத் தேர்வு, பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டியதில்லை. உடல்நலக் குறைவாலோ குடும்பச் சூழலாலோ படிப்பு விட்டுப்போன பிள்ளைக்கு இது பெரிய வாசல்.

ஆனால் அந்த வாசலில் ஒரு படி தடுக்கும். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருப்பதால் கணிதத்தையோ அறிவியலையோ எடுக்காமலேயே பத்தாம் வகுப்பை முடிக்கலாம். பிறகு பதினொன்றில் அறிவியல் பிரிவு கேட்டுப் போனால் இடம் கிடைப்பது கடினம். தமிழையும் விட்டுவிடலாம். ஆனால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காதவரின் மற்ற விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை. ஆகவே "எந்த ஐந்து பாடங்கள், யார் தேர்ந்தெடுப்பது?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்தது, பெரும்பாலோர் யோசிக்காத ஒன்று. பிள்ளை இப்போது அரசுப் பள்ளியில் படித்தால், மாறும்போது எதை இழக்கிறது? மருத்துவச் சேர்க்கையிலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில். இரண்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளியிலோ படித்திருக்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு படிக்கும் மகளுக்கு இது 36,000 ரூபாய். நம் குடும்பங்களில் பெண் பிள்ளை கல்லூரிக்குப் போவதா நிற்பதா என்பதை இந்தத் தொகை சில வேளை முடிவு செய்கிறது. (பி.சி.எம். 3.5 சதவீத ஒதுக்கீடு எந்தப் பள்ளியில் படித்தாலும் போகாது, அதில் கவலை வேண்டாம்.)

"நூறு சதவீதத் தேர்ச்சி" என்று பலகை வைத்திருந்தால், எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். ஏழு பேர் எழுதிய இடத்தில் ஒருவர் தவறினாலே விகிதம் 86-க்கு இறங்கிவிடும், அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதைவிடப் பயனுள்ள கேள்வி: ஒன்பதில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? இடையில் விலகியவர்கள் எங்கே போனார்கள்? முடித்தவர்களின் பெற்றோர் இருவரிடமாவது பேசுங்கள். பள்ளியே தேர்ந்தெடுத்துத் தரும் பெற்றோரிடம் மட்டும் பேசினால் பயனில்லை.

முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒரு வேலை நாளில் போய் அரைமணி நேரம் வகுப்பில் உட்காருங்கள். திறந்த மனதுள்ள பள்ளி மறுக்காது. கணிதத்தையும் அறிவியலையும் நடத்துபவர் யார், எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார் என்று பாருங்கள். சிறிய பள்ளியில் ஓர் ஆசிரியர் விலகினால் ஒரு பாடமே நின்றுவிடும். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை, வாகனத்தில் பெண் உதவியாளர், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அனுப்பும் நேரம், ஹிஜாப் பற்றிய நிலைப்பாடு இவற்றையும் சேர்க்கும் முன்பே பேசிவிடுங்கள். கூச்சப்பட்டு விட்டுவிட்டால் பிறகு மனக்கசப்பாகிறது.

நம் அறக்கட்டளையின் உதவித்தொகை பற்றியும் கேட்கிறார்கள். மாற்றுப் பள்ளி என்பதற்காக எந்த விண்ணப்பத்தையும் நாங்கள் ஒதுக்குவதில்லை. அங்கீகார ஆணையின் நகல் அல்லது என்.ஐ.ஓ.எஸ். பதிவு எண், பாடங்களின் பட்டியல், ஓராண்டு முழுக் கட்டண விவரம் ஆகிய மூன்றும் இருந்தால் மற்ற விண்ணப்பங்களைப் போலவே பரிசீலிப்போம். முன்பணம் கட்டுவதற்கு முன்பு வாருங்கள். கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுத் தருவது எங்களால் ஆகாத காரியம். ஆணையின் வாசகம் புரியவில்லை என்றால் எடுத்து வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.