மலைநாட்டுக் குளிரை நம்பலாமா?

நுவரெலியா, ஹட்டன் பக்கம் இரவில் கம்பளி இல்லாமல் தூக்கம் வராது. அந்தக் குளிரை நம்பி இறைச்சிக் கறியை விடிய விடிய அடுப்படியில் வைக்காதீர்கள். 5 பாகைக்கு மேல் கிருமி பெருகும். உறைபனி கொட்டும் சில விடியல்களைத் தவிர, நம் குளிர் அதற்கு மேலேதான். மீந்த கறி 2 மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குள் போகட்டும்.

2022இல் 13 மணித்தியால மின்வெட்டையும் பார்த்தோமே! கரண்ட் போனால் ஃப்ரீசர் கதவைத் திறக்கவே வேண்டாம். நிறைந்த ஃப்ரீசர் 48 மணித்தியாலம் வரை தாங்கும். பாதி நிறைந்தது 24. கரண்ட் வந்ததும் இறைச்சியை அழுத்திப் பாருங்கள். உள்ளே ஐஸ் நறநறத்தால் மறுபடி உறைய விடலாம். முழுக்க இளகி, தொட்டால் குளிர்ச்சியே இல்லையென்றால் வீசிவிடுங்கள், மணம் மாறாவிட்டாலும்.

உறைந்த கோழியை முதல்நாள் இரவே ஒரு பாத்திரத்தில் போட்டு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இளக வையுங்கள்.