முயல் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் ஏன் பதற வேண்டும்?

நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தாலும் பெரும்பாலும் சமாளித்துவிடும். முயலால் முடியாது. ஏன் தெரியுமா?

முயலின் குடலை ஓட வைப்பதே புல்லின் நார்தான். பல்வலியோ பயமோ வந்து தின்பதை நிறுத்தினால், குடலும் மந்தமாகிவிடும். உள்ளே இருப்பது வறண்டு இறுகும். குடல்பையில் வாழும் நுண்ணுயிர்கள் மட்டும் ஓய்வதில்லை. மூடிய டப்பாவில் இட்லி மாவு புளித்துப் பொங்குவதுபோல் வாயு பெருகும். முயலுக்கு வாந்தியும் வராது. வயிறு உப்பி வலிக்கும். வலித்தால் இன்னும் தின்னாது.

புழுக்கையும் நின்றுவிட்டதா, பாருங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 12 மணி நேரம் தின்னாமல் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. அதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

வயிறு கல்லாக இருந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள், குடலில் அடைப்பு இருக்கலாம். உடம்பு சில்லிடாமல் துணி போர்த்தி எடுத்துச் செல்லுங்கள்.