உங்க நிலத்துல ஓடுற முயல் யாருக்குச் சொந்தம்?

பூந்தமல்லியைத் தாண்டி திருமழிசை பக்கம் அரை கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பக்கா. பக்கத்து மனைகளில் இன்னும் வீடு வரவில்லை. கோரையும் சீமைக் கருவேலமும் மண்டிக் கிடக்கின்றன. ஒருநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால் குறுக்கே ஒரு முயல் ஓடுகிறது. நிலம் உங்களுடையது. முயல் யாருடையது?

'என் நிலத்துல இருந்தா என்னுது' என்பது தப்பு. 'பிடிச்சவனுக்குச் சொந்தம்' என்பதும் தப்பு. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த முயலை நீங்கள் தொடவே கூடாது. கண்ணி வைத்தாலும், விரட்டிப் பிடித்தாலும் வேட்டைதான். காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும்கூட வேட்டைக் கணக்கில்தான் வரும். முயற்சி செய்து தோற்றாலும் அதே கதை. சரி, முயல் தானாகவே செத்துக் கிடந்தால்? அப்போது அது மாநில அரசின் சொத்து. கையில் எடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தகவல் சொல்ல வேண்டும்.

2022-ல் சட்டம் இன்னும் இறுகியது. பொதுவான மீறலுக்கு அபராத உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. முதல் பட்டியலில் உள்ள விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

'அப்போ பூந்தமல்லி ஹைவேயில காடை பிரியாணி விக்கிறாங்களே?' என்று கேட்கலாம். அது பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை. நந்தனம் கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் உருவான 'நந்தனம் காடை' ரகங்களும் இந்த வகைதான். வயலில் திரியும் காட்டுக் காடை வேறு. அதற்குப் பாதுகாப்பு உண்டு.

இந்த விதி நமக்கு ஒரு சட்டத் தகவல், அவ்வளவுதான். நாம் யாரும் முயல் பிடித்துப் பிழைக்கவில்லை. ஆனால் ஆவடியிலும் திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களிலும், அடுத்தவர் நிலத்தில் ஓடும் இரையை நம்பியே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையிலிருந்து அந்த வாழ்க்கை எப்படி நழுவியது என்று பார்க்க, முதலில் கொஞ்சம் வெளியே போய்வர வேண்டும்.

டெக்சாஸில் வேட்டைக்கு வாடகை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட நிலம் தனியாருடையது. காட்டு மான் அங்கேயும் நிலக்காரருக்குச் சொந்தமில்லை. ஆனால் வேலிக்குள் யாரை விடுவது என்பது அவர் கையில். முன்பெல்லாம் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் துப்பாக்கியோடு உள்ளே போகலாம். பிறகு அந்தக் கதவுக்கு விலை வந்துவிட்டது. இன்று 'வேட்டைக் குத்தகை' அங்கே சாதாரண வியாபாரம்: ஏக்கருக்கு இவ்வளவு, ஒரு துப்பாக்கிக்கு இவ்வளவு, சீசனுக்கு இவ்வளவு. காசு உள்ளவருக்குக் கதவு திறக்கும். இல்லாதவர் பொது நிலம் தேடிப் போக வேண்டியதுதான்.

ஜெர்மனியில் இது இன்னும் கறார். 75 ஹெக்டேருக்குக் குறையாமல் ஒரே தொகுப்பாக நிலம் இருந்தால் தனி வேட்டைப் பகுதி. சின்னச் சின்ன நிலக்காரர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, வேட்டை உரிமையைக் குத்தகைக்கு விட்டுப் பணத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள்.

தென்னாப்பிரிக்கா 1991-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. போதுமான வேலி போட்டுச் சான்றிதழ் வாங்கிவிட்டால், அந்த வேலிக்குள் இருக்கும் வேட்டை விலங்கு நிலக்காரரின் சொத்து. வேலி உடைந்து வெளியே ஓடினாலும் அவருடையதுதான். கட்டண வேட்டைப் பண்ணைகளுக்கு இது பெரிய வசதியாகிப் போனது.

அதே 1991-ல்தான் இந்தியா நேர் எதிர்ப்பக்கம் திரும்பியது.

நம்ம ஊரிலும் கட்டண வேட்டை இருந்தது

'வேட்டைக்கு லைசென்ஸ்' நமக்குப் புதிதல்ல. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் சுட்டுச் சுட்டு வரையாடு அருகிப்போன பிறகு, 1877-ல் அவர்களே ஒரு வேட்டைச் சங்கம் ஆரம்பித்தார்கள். 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்குப் பருவம் வகுத்தார்கள், கட்டணம் வைத்தார்கள். காப்பாற்றியது விலங்கை என்றாலும், யாருக்காகக் காப்பாற்றினார்கள் என்பதில் சந்தேகமே இல்லை: கட்டணம் கட்டிச் சுடுகிறவர்களுக்காக. உதகையின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குதிரையேறி, நாய்க்கூட்டத்தை விட்டு நரி துரத்தியதும் அவர்கள்தான். அதற்குப் பெயர் விளையாட்டு. சமவெளியில் அதே நரியைப் பசிக்காகப் பிடித்தவருக்கு அந்தப் பெருமையெல்லாம் கிடைக்கவில்லை.

1972 சட்டமும் முதலில் வேட்டையை மொத்தமாக நிறுத்தவில்லை. சிறப்பு வேட்டை, பெரிய வேட்டை, சிறு வேட்டை, உயிரோடு பிடிப்பது என நான்கு வகை உரிமங்களை வைத்திருந்தது. அதாவது, காசு கட்டி அனுமதி வாங்க ஒரு வழி இருந்தது. 1991 திருத்தம் அந்த வழியையும் அடைத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் உரிம வேட்டை என்பதே கிடையாது. ஆபத்தான விலங்கு, ஆராய்ச்சி, கல்வி மாதிரியான சில விதிவிலக்குகள் மட்டும் மிஞ்சின.

ஆக, இந்தியாவில் கதவுக்கு விலை போடவில்லை, கதவையே எடுத்துவிட்டார்கள். விலங்குகளுக்கு இது நல்லது. உரிம முறை தொடர்ந்திருந்தால் இங்கே என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்தாலே போதும். தடை தப்பு என்று சொல்ல வரவில்லை. தடைக்கான விலையைக் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி. பங்களா சுவரில் புலித்தலை மாட்டியவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு போனது. வேறு சிலருக்கு ராத்திரிச் சோறு போனது.

ஆவடியில் இருக்கும் 'குருவிக்காரர்கள்'

ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்பு இருப்பது பலருக்கு 2022 ஏப்ரலில்தான் தெரியவந்தது. முதல்வர் மு.க.ஸ்டாலின் அங்கே போய், ஒரு மாணவியின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட படங்கள் போனுக்குப் போன் சுற்றின. ரயில் நிலையத்திலும் கோயில் வாசலிலும் பாசிமணி, ஊசி விற்பவர்கள் என்றுதான் நமக்கு அவர்களைத் தெரியும். ஆனால் பாசிமணி பிழைப்பின் ஒரு பாதி மட்டுமே. இன்னொரு பாதி அவர்கள் பெயரிலேயே இருக்கிறது: நரிக்குறவர், குருவிக்காரர்.

வாக்ரிபோலி என்ற, குஜராத்தி சாயல் உள்ள மொழியை வீட்டில் பேசும் இவர்கள், ஊர் ஊராகப் போய் வயல்வெளியில் தங்கி வேட்டையாடியவர்கள். கண்ணி, வலை, நாட்டுத் துப்பாக்கி. இரை என்றால் காடை, கௌதாரி, முயல், நரி, காட்டுப்பூனை. அடர்ந்த காடு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அறுவடை முடிந்த வயல், ஏரிக்கரை, தரிசு, பனங்காடு போதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஒரு காலத்தில் அப்படிப்பட்ட பூமிதான். ஏரி, அதன் கீழ் ஆயக்கட்டு, நடுவே மேடும் புதரும்.

அந்த நிலமெல்லாம் யாரோ ஒருவருக்குச் சொந்தம்தான். ஆனாலும் யாரும் இவர்களிடம் காசு கேட்டதில்லை. கடலையைத் தோண்டும் விலங்கையும் தானியம் பொறுக்கும் பறவையையும் பிடித்துக்கொண்டு போனால் விவசாயிக்கு லாபம்தானே. 'போங்கப்பா, போய்ப் பிடிச்சுக்கோங்க' என்ற வாய்வார்த்தையே அனுமதி. எழுத்து இல்லை, ரசீது இல்லை, குத்தகை இல்லை.

சிக்கல் இங்கேதான். டெக்சாஸ் வேட்டைக்காரர் கையில் ஒரு ஒப்பந்தத் தாள் இருக்கிறது. பறித்தால் வழக்குப் போடலாம். அணைக்காக நிலம் எடுத்தால் பட்டாதாரருக்கு இழப்பீடு உண்டு. வாய்வார்த்தையை நம்பி அடுத்தவர் வயலில் காடை பிடித்தவருக்கு எதை இழந்தேன் என்று காட்ட ஒரு காகிதம்கூடக் கிடையாது. அதனால்தான் 1972-லும் 1991-லும் அவர்கள் இழந்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அந்த உரிமம் கையில் இருந்தாலும், அதை வைத்துச் சட்டப்படி சுட ஒன்றுமில்லை என்ற நிலை.

எலிக்குத் தடையில்லை, வயல்தான் இல்லை

இருளர் கதை இன்னும் விசித்திரம். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் வயல் எலி பிடிப்பது அவர்களுடைய கைத்தொழில். வளையைக் கண்டுபிடித்து, சட்டியில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி, வாயால் ஊதிப் புகையை உள்ளே அனுப்புவார்கள். பிறகு மண்வெட்டியால் தோண்டுவார்கள். எலியும் அவர்களுக்கே, எலி சேர்த்துவைத்த நெல்லும் அவர்களுக்கே. ஒரு பெரிய வளையில் மரக்கால் கணக்கில்கூட நெல் கிடைக்கும். விவசாயிக்கு எலித்தொல்லை தீர்ந்தது. பிடித்தவர் வீட்டில் அன்றைக்கு உலை கொதித்தது. அதே புகையை ஊதி ஊதி நெஞ்சு கெட்டுப்போனவர்களும் உண்டு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1972 சட்டம் எலியைப் பயிரழிக்கும் உயிரினப் பட்டியலில் வைத்தது. ஆகவே சட்டம் இந்தத் தொழிலைத் தடுக்கவில்லை. முதலில் எலி மருந்து வந்தது. பின்னாலேயே ரியல் எஸ்டேட் வந்தது. வயலில் கல் நட்டு மனை பிரித்த பிறகு எலி பிடிக்கக் கூப்பிட யார் இருக்கிறார்கள்? கூப்பிட்டுக்கொண்டிருந்த விவசாயியும் நிலத்தை விற்றுவிட்டார். அவர் கையில் பணம் வந்தது. வளை தோண்டியவர் கையில் ஒன்றும் வரவில்லை. செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டு என்று முன்பணம் வாங்கிக்கொண்டு போய், கொத்தடிமையாகச் சிக்கி, பிறகு அதிகாரிகளால் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களின் செய்தியைத் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து எத்தனை முறை படித்திருப்போம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. பாம்புத்தோல் வியாபாரம் தடைபட்டு இருளர்கள் தவித்தபோது, ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. பிடிப்பது அடுத்தவர் வயலில்தான், காசு கொடுக்காமல்தான். வேட்டைத் திறமை அப்படியே இருக்க, சட்டப்படியான கூலியும் வந்தது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நரிக்குறவர்களின் தடம் பார்க்கும் திறமைக்கு இப்படி ஒரு ஏற்பாடு ஏன் யோசிக்கப்படவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

ஏரி மீனும் காட்டுப்பன்றியும்

காசு கட்டி உரிமை எடுக்கும் முறை நம்ம பக்கம் அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏரி மீனைப் பாருங்கள். ஊர் ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை ஏலத்துக்குப் போகிறது. தென்மாவட்டங்களில் இதை 'மீன்பாசி குத்தகை' என்பார்கள். எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்க்கிறார், காவல் போடுகிறார். அதன் பிறகு தூண்டிலோடு கரையில் உட்காருபவர் திருடன் ஆகிவிடுகிறார். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை பக்கம் மட்டும் கோடையில் கண்மாய் வற்றியதும் வெள்ளைத் துண்டு வீசி, ஊரே இறங்கி இலவசமாகப் பிடிக்கும் மீன்பிடித் திருவிழா இன்னும் நடக்கிறது.

காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவு எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடிக்கலாம். 3 கிலோமீட்டர் தாண்டி வந்து பயிரை அழித்தால் சுடலாம். சுடுவது வனத்துறை ஊழியர்தான், விவசாயி இல்லை. முயலுக்குச் சொன்ன அதே விதிதான்: பயிர் உங்களுடையது, பன்றி உங்களுடையது இல்லை.

பட்டியலில் பெயர் வந்த பிறகு

நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2023 ஜனவரியில் சட்டமானது. அதுவரை அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். பல பத்து வருடக் கோரிக்கை அது.

'அப்போ வேட்டை உரிமை திரும்ப வருமா?' வராது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடிகளின் பாரம்பரிய உரிமைகளை அங்கீகரிக்கிறது. ஆனால் வேட்டையாடும் உரிமையை மட்டும் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கிறது. தவிர, அந்தச் சட்டம் வன நிலத்துக்கானது. இவர்கள் வேட்டையாடிய ஆவடி, அம்பத்தூர் நிலங்கள் வனம் இல்லை, பட்டா வயல்கள். இன்று அவை ஃபிளாட், கம்பெனி, குடோன்.

பட்டியலில் சேர்ந்ததால் கிடைப்பது கல்வி, வேலையில் இட ஒதுக்கீடு, உதவித்தொகை, கடன் திட்டங்கள். அதற்கு முதல் படி சாதிச் சான்று. அது கைக்கு வந்தால்தான் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம். கூடவே வீட்டுமனைப் பட்டாவும் வேண்டும். பாசிமணிக் கடையை ரயில் நிலைய நடைமேடையிலிருந்து யாரும் கிளப்பிவிடாமல் போட ஒரு நிரந்தர இடமும் வேண்டும்.